கண் எழுதும் தூரிகை

தைப்பவளுக்கு ஊசி எப்படியோ, சின்னப் படம் கீறுபவளுக்குத் தூரிகை அப்படி. ஊசியின் முனை மழுங்கினால் துணி இழுபட்டுப் போகும். தூரிகையின் நுனி பிரிந்தால் முகமே மாறிவிடும். ஆனாலும் ஊசியைப் பொத்திப் பொத்தி வைக்கும் பெண்கள்கூட, தூரிகையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் தலைகீழாக நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்கு எழும்பிப் போய்விடுகிறார்கள். அந்தச் சின்னப் பொருளைத் தெரிவு செய்வதையும் பராமரிப்பதையும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் கீறுவது சிற்றோவியம். தீப்பெட்டி அளவு, மிஞ்சினால் உள்ளங்கை அளவு. அதற்குள் ஒரு மனித முகம். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது ஒரு அடையாள அட்டைப் படம், அல்லது பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்கும் ஒரு தலை. 1995 இடம்பெயர்வில் வீட்டோடு அல்பத்தையும் விட்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் எல்லாம் அள்ளுண்டு போனவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடும்போது கையிலிருந்த பையையும் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். மிஞ்சியது நனைந்து கறை பிடித்த ஒரு துண்டுப் படம். அதைப் பெருப்பித்தால் கறையும் சேர்ந்து பெருக்கிறது. ஆகவே, “கையால் கீறித் தாருங்கோ, சாமித்தட்டில் வைக்க வேணும்” என்று கேட்கிறார்கள். சிலர் பேர்சுக்குள் வைக்கும் அளவில் கேட்கிறார்கள்.

இது புதிய வழக்கம் அல்ல. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் கடல் கடந்து போனவரின், போருக்குப் போனவரின் முகத்தை வீட்டார் சிற்றோவியமாக எழுதுவித்துக் கழுத்துப் பதக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் மகாராணியின் காலத்தில் வாழ்ந்த நிக்கலஸ் ஹில்லியார்ட் என்ற ஓவியர் இதில் பேர்பெற்றவர். மெல்லிய தோலை விளையாட்டுச் சீட்டின் மேல் ஒட்டி, அதில்தான் முகம் எழுதினார்கள். தூரத்தில் இருப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே இந்தக் கலை பிறந்து வளர்ந்தது என்று நான் நினைப்பதுண்டு.

நாலு மில்லிமீற்றருக்குள் ஒரு பார்வை

முகத்தின் அகலத்தில் ஐந்து கண்களை வரிசையாக வைக்கலாம் என்பது படம் கீறுபவர்களின் கணக்கு. இரண்டு சென்ரிமீற்றர் அகலமான முகம் என்றால் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது நாலு மில்லிமீற்றர். அதற்குள் மேலிமை, கீழிமை, கருவிழி, கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லாம் வர வேண்டும். அந்த வெள்ளைப் புள்ளிதான் பார்வை. அது ஒரு மயிரளவு விலகினால் படத்திலிருப்பவர் வேறு எங்கேயோ பார்ப்பார்.

ஒரு அம்மா வந்தா. மகன் காணாமல் போனவன். படத்தைத் தந்துவிட்டு, “மாலை ஒண்டும் கீறிப்போடாதை பிள்ளை. அவன் வருவான். கண்ணை மட்டும் வடிவாய்க் கீறு” என்று சொன்னா. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரத்தில் போராட்டம் தொடங்கியபோது கையில் ஏந்தியிருந்தவையும் இப்படிப்பட்ட படங்கள்தான். வெயிலில் பிடித்துப் பிடித்து வெளிறிய முகங்கள். அப்படியொரு முகத்தை ஒருவர் நம்பித் தரும்போது, நுனி பிரிந்த தூரிகையோடு அதற்கு முன்னால் இருப்பது சரியல்ல. என் வருமானமும் இந்த நுனியில்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் நம்பிக்கையும் இந்த நுனியில்தான் இருக்கிறது.

மயிரும் இழையும்

முற்காலத்தில் ஓவியர்களே தூரிகை கட்டினார்கள். மொகலாய, ராஜஸ்தான் சிற்றோவியர்கள் அணில் வால் மயிரைக் கட்டிப் பறவை இறகின் குழலுக்குள் செருகினார்கள். எங்கள் நாட்டின் விகாரைச் சுவர்களில் சித்திரம் எழுதியவர்கள் அணில் மயிரையும் ஒருவகைப் புல்லின் கூரையும் மெல்லிய கோடுகளுக்கும், தாழை விழுதைப் பெரிய வேலைக்கும் பயன்படுத்தினார்கள். இன்று கடையில் இரண்டு வகை கிடைக்கிறது.

ஒன்று விலங்கு மயிர். இதில் உயர்ந்தது கொலின்ஸ்கி சேபிள் என்பது. சைபீரியக் குளிர்ப் பிரதேசத்தில் வாழும், பார்வைக்குக் கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கின் வால் மயிர் அது. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். வளைத்தால் நிமிரும். விலை மிக அதிகம். “ஒட்டக மயிர்” என்று எழுதிய தூரிகையும் விற்கிறார்கள். அதில் ஒட்டகத்தின் மயிர் இருப்பதில்லை. அணில், ஆடு, குதிரைக்குட்டி முதலியவற்றின் மயிரைக் கலந்து செய்கிறார்கள். பூச்சுக்கு அது போதும். இமை எழுத அதில் விறைப்பு இல்லை.

மற்றது நைலோன் போன்ற செயற்கை இழை. விலை குறைவு. நல்ல விறைப்பு உண்டு. பூச்சி தின்னாது. அக்ரிலிக் வர்ணத்துக்கு இதுவே ஏற்றது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்ரிக் ஆகிவிடும். விலை கூடிய மயிர்த் தூரிகையை அதில் தோய்ப்பது காசைக் கரியாக்குவது போல. செயற்கைத் தூரிகையின் குறை, சில காலத்தில் அதன் நுனி கொக்கி போல வளைந்துவிடுவது. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் செயற்கைதான். மயிர்த் தூரிகை ஒன்றே ஒன்று. அதை நீர்வர்ணத்தில், கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் எடுப்பேன்.

இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சின்ன வேலைக்கு ஆகச் சின்ன இலக்கம்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தூரிகைகள் 3, 2, 1, 0 என்று சிறுத்துக்கொண்டு போய், பிறகு 2/0, 3/0, 5/0 என்று இன்னும் மெல்லியதாகும். ஒரு கம்பனியின் 0 மற்றக் கம்பனியின் 0 அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூரிகைக்கு நுனியும் உண்டு, வயிறும் உண்டு. நுனி கோடு இழுக்கும். வயிறு வர்ணத்தைச் சுமக்கும். 5/0 போன்ற மிகச் சின்னதற்கு வயிறு இல்லை. சித்திரை வெயிலில் அதைத் தோய்த்து எடுத்து அட்டைக்குக் கொண்டுபோவதற்கு முன்னமே நுனியில் வர்ணம் காய்ந்துவிடும். கோடு பாதியில் அறும். நுனி கூராக இருக்கும் 1 ஆம் அல்லது 2 ஆம் இலக்க உருண்டைத் தூரிகை ஒரு இமையை ஒரே இழுப்பில் முடிக்கும். புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: 1 அல்லது 2 இல் நல்லது ஒன்று, 0 இல் ஒன்று, பூச்சுக்கு 4 இல் ஒன்று. மூன்றே மூன்று போதும்.

கடையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். புதுத் தூரிகையின் மயிரைப் பசை போட்டு விறைப்பாக நிறுத்தியிருப்பார்கள். அப்போது எல்லாத் தூரிகையும் கூராகத்தான் தெரியும். “தம்பி, ஒரு கிண்ணத்தில கொஞ்சம் தண்ணி தாருங்கோ” என்று கேளுங்கள். தோய்த்துப் பசையைக் கரைத்து, ஒரு உதறு உதறுங்கள். தானாகவே ஒரு புள்ளியில் கூடினால் நல்ல தூரிகை. இரண்டு நாக்காகப் பிரிந்தால் வேண்டாம். நுனியை நகத்தில் மெதுவாக வளைத்து விடுங்கள். நிமிர வேண்டும். ஒன்றிரண்டு மயிர் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மயிரையும் பிடியையும் சேர்க்கும் உலோகக் கழுத்தை அசைத்துப் பாருங்கள். ஆடினால் நாளைக்குக் கழன்று கையில் வரும். தண்ணீர் தராத கடையில், விலை கூடிய தூரிகையை வாங்காமல் வருவதே நல்லது.

வேலை செய்யும்போது

தூரிகையைக் கெடுப்பது கழுத்துக்குள் போகும் வர்ணம். அது உள்ளே காய்ந்து தடித்து மயிரை விரிக்கும். பிறகு எவ்வளவு கழுவினாலும் நுனி கூடாது. ஆகவே மயிரின் பாதிக்கு மேல் தோய்க்கக் கூடாது. வர்ணம் குழைப்பதற்கு நல்ல தூரிகையை எடுக்கக் கூடாது. அதற்கு ஒரு பழையது இருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு சிரட்டையில் தண்ணீர் வையுங்கள். ஒன்று கழுவ, மற்றது சுத்தமாகத் தோய்க்க. தூரிகையைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் நுனியில் விழும். பிடியின் மரமும் ஊறி வண்ணப்பூச்சு உரியும், கழுத்தும் தளரும். கதவில் யாரும் கூப்பிட்டால்கூடத் தூரிகையை அலம்பிப் படுக்க வைத்துவிட்டு எழும்புங்கள்.

நுனியைக் கூராக்க வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவின் நியூஜேர்சியில் 1917 முதல் இளம் பெண்கள் மணிக்கூட்டு முகப்புகளுக்கு, இருட்டில் ஒளிரும் ரேடியம் வர்ணம் தீட்டினார்கள். எண்கள் மெல்லியதாக வரவேண்டும் என்பதற்காகத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் உடம்புக்குள் போய்த் தாடை எலும்பு சிதைந்தது. பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்காடி 1928 இல் ஆளுக்குப் பத்தாயிரம் டொலரும் வருடாந்தக் கொடுப்பனவும் பெற்றார்கள். எங்கள் வர்ணத்தில் ரேடியம் இல்லை. ஆனால் சில மஞ்சள், சிவப்பு வர்ணங்களில் கட்மியம் போன்ற நஞ்சு இருக்கலாம். பழைய பருத்திச் சீலைத் துண்டை நனைத்து, அதில் தூரிகையை உருட்டி இழுத்தால் நுனி கூராகிவிடும். பெண்களின் உடம்பை விடக் கோடு பெரிதல்ல.

கழுவுதலும் காயவைத்தலும்

நாளாந்தம் வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் ஓடும் தண்ணீரில் வர்ணம் போக அலம்ப வேண்டும். பிறகு உள்ளங்கையில் சவர்க்காரத்தைக் குழைத்து, அதில் தூரிகையை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். குழந்தைகளுக்குப் போடும் மென்மையான சவர்க்காரம் நல்லது. மயிர்த் தூரிகைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. கழுத்துக்குள் இருக்கும் ஒட்டுப் பசை இளகிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காது. கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே தூரிகையிலும் படியும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் கடைசி அலம்பலுக்கு எடுங்கள். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து, ஆறி, அடி மண்டியை விட்டு மேலால் வார்த்த தண்ணீரை எடுங்கள்.

கழுவியபின் நுனியை விரலால் கூட்டி, துளி சவர்க்காரம் தடவி அப்படியே விடுங்கள். காய்ந்ததும் நுனி கூராக நிற்கும். அடுத்த நாள் தொடங்குமுன் அலம்பினால் போதும். ஈரத் தூரிகையை மேல்நோக்கி நிறுத்தினால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கும். படுக்க வைத்துக் காயவிடுங்கள், அல்லது பிடியில் நூல் கட்டி நுனி கீழே இருக்கத் தொங்கவிடுங்கள். காய்ந்தபின் குவளையில் நிறுத்தலாம். வாங்கும்போது வரும் பிளாஸ்ரிக் மூடியை ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூடும்போது ஒரு மயிர் மடிந்தாலும் நுனி போய்விடும்.

நான் பனையோலையில் சின்னப் பாய் போல இழைத்து, அதற்குள் தூரிகைகளை வைத்துச் சுருட்டி நாடாவால் கட்டுகிறேன். காற்றும் போகும், நுனியும் நசுங்காது. மயிர்த் தூரிகையைக் கனநாள் எடுக்காமல் வைத்தால், கம்பளித் துணியை அரிக்கும் அதே பூச்சி அதையும் அரிக்கும். நன்றாகக் காயவைத்து, இறுக்கமான பேணிக்குள் நப்தலீன் உருண்டை ஒன்றோடு வையுங்கள். அந்தப் பேணி பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.

கொக்கி விழுந்த செயற்கைத் தூரிகையை உடனே எறிய வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் இழையின் நுனியை மட்டும் சில நொடி பிடித்து, சற்று ஆறியதும் விரலால் நேராக்குங்கள். கொஞ்சக் காலத்துக்கு உழைக்கும். அக்ரிலிக் காய்ந்து இறுகியிருந்தால் ஸ்பிரிற்றில் ஊறவைத்துப் பாருங்கள். அடுப்படியிலிருந்து தள்ளி வைத்தே செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்தத் தூரிகை வர்ணம் குழைக்கவும் பசை பூசவும் உதவும். நுனி பிரிந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி வைத்தால் நரைத்த தாடியும் சுருட்டைத் தலைமுடியும் நன்றாக வரும்.

கை ஏலாதவர்களுக்கு

எங்களில் பலருக்குக் கையில் காயம் இருக்கிறது. ஷெல் துண்டு பட்டு விரல் மடங்காதவர்கள், ஒரு கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சிற்றோவியம் அவர்களுக்கு எட்டாத வேலை அல்ல. தூரிகையின் மெல்லிய பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றினால் பிடி தடித்து, விரலில் வழுக்காமல் நிற்கும். ஒரு கையால் கழுவுபவர்கள், ஈரத் துணி மடிப்பின் மேல் சிரட்டையை அசையாமல் வைத்து, அதன் அடியில் சவர்க்காரத் துண்டொன்றை அமத்தி ஒட்டிவிட்டு, அதிலேயே தூரிகையைச் சுழற்றலாம். சுண்டுவிரலை அட்டையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை மெதுவாக விடும்போது கோடு இழுத்தால் நடுக்கம் குறையும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பித் தூரத்து மரத்தைப் பாருங்கள். கண்ணும் ஒரு கருவிதான், அதை மாற்றி வாங்க முடியாது.

முடிவாக ஒன்று. வாழ்வாதார உதவியாகப் பெண்களுக்கு ஓவியப் பொருட்கள் கொடுக்கும்போது, பன்னிரண்டு தூரிகை அடங்கிய ஒரு பொதியைக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். பார்க்க நிறைய இருக்கும். ஒரு மாதத்தில் பன்னிரண்டும் தும்புக்கட்டையாகிவிடும். பிறகு, “அவள் தொடர்ந்து செய்யவில்லை” என்று அறிக்கையில் எழுதப்படும். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். இந்த நிலையில் பன்னிரண்டு வேண்டாம், நல்லதாக மூன்று தாருங்கள் என்று கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. எது வேண்டும் என்று வேலை செய்பவளுக்குத்தான் தெரியும். இலக்கத்தையும் வகையையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். மாதர் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. சேர்ந்து வாங்கினால் கடையிலும் விலை குறைத்துக் கேட்கலாம்.

கையில் வந்த மூன்றையும் உங்கள் பெயர் எழுதி வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்குக் கேட்டால், பழையதைக் கொடுங்கள். இது அம்மாவின் தொழில் ஆயுதம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துப் பழகிய எங்களுக்கு, ஒரு தூரிகையையாவது “இது என்னுடையது” என்று சொல்லி வைத்திருக்க உரிமை உண்டு.